எலும்பு வைத்தியர் மகன் டாக்டரான கதை

போன மாசம் பூரா வலது முழங்கையில் வலி. டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை, ஆனா வந்திருப்பது 'டென்னிஸ் எல்போ'வாம். நாள் பூரா மவுஸ் பிடிக்கிற கைக்கும் வருமாம். (பொட்டி தட்டுறவங்க எல்லாரும் ஒரு தடவை முழங்கையைத் தடவிப் பார்த்துக்குங்க.) எங்க ஏரியா பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனேன். எக்ஸ்ரே கிக்ஸ்ரே எதுவும் கேக்கலை. கையை நேரா நீட்டி, முஷ்டியை மூடி, மணிக்கட்டை மேலே தூக்குங்கன்னார். நான் தூக்க, அவர் மேலிருந்து அமுக்கினார். முழங்கைக்கு வெளிப்பக்கம் சுரீர்னுச்சு. "ம், இங்கதான்" என்று சொல்லி அந்த ஒரே இடத்தில் கட்டைவிரலை வச்சுக் குறுக்குவாட்டில் தேய்க்க ஆரம்பிச்சுட்டார். கண்டுபிடிக்க எடுத்த நேரம் மூணு நிமிஷம் இருக்கலாம்.

"இதெல்லாம் யார் சார் கண்டுபிடிச்சாங்க?"ன்னு கேட்டேன். "சிரியாக்ஸ்னு ஒருத்தர், லண்டன்ல" என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பேரில் ஆரம்பிச்சுத் தேடிக்கிட்டே பின்னால போனா, கதை லண்டனில் நிக்கலை. கட்டு வைத்தியர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடந்த இருநூறு வருஷச் சண்டைக்குள்ள கொண்டுபோய் விட்டுடுச்சு. அந்தச் சண்டைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோடு உட்காருங்க.

நம்ம ஊரில் கை கால் பிசகினா ஒரு கூட்டம் ஆர்த்தோ டாக்டரிடம் போகும், இன்னொரு கூட்டம் 'புத்தூர் கட்டு' போர்டைத் தேடிப் போகும் இல்லையா? இங்கிலாந்திலும் அப்படியே இருந்திருக்கு. அங்கே அவங்களுக்கு 'எலும்பு பொருத்துறவங்க'ன்னு பேர். படிப்பு கிடையாது. அப்பன் பிள்ளைக்குச் சொல்லித் தருவான், மாமன் மருமகனுக்குச் சொல்லித் தருவான். பல பேருக்கு விவசாயமோ கொல்லுப்பட்டறையோதான் முதல் தொழில்.

அதில் பேர் போனவர் சாரா மாப் என்கிற அம்மா. 1736-ல் எப்சம் ஊரில் இருந்தார். அப்பாவும் இதே தொழில். ஊரை விட்டுப் போயிடாதீங்கன்னு எப்சம்காரங்க வருஷத்துக்கு 100 பவுண்டு தர முன்வந்தாங்களாம். அந்த அம்மா கோச்சு வண்டியில் லண்டனுக்கு வந்து வைத்தியம் பார்ப்பார். ஓவியர் ஹோகார்த் அதே வருஷம் லண்டன் டாக்டர்களைக் கிண்டலடித்து ஒரு படம் வரைஞ்சார். அதில் உச்சியில் நடுவில் உட்கார்ந்திருப்பது சாரா மாப். கையில் ஒரு எலும்பு! அடுத்த வருஷமே, 1737-ல், காசில்லாமல் செத்துப் போனார். பெர்சிவல் பாட் மாதிரி பெரிய சர்ஜன்கள் பின்னாளில் அவரைத் திட்டி எழுதினதைப் படிச்சா, குணமான நோயாளிகளை விட அந்த அம்மாவின் குடியும் வாயும்தான் அவங்களுக்கு அதிகம் ஞாபகம் இருந்திருக்குன்னு தோணுது.

திட்டினவங்களிடம் அப்போ என்ன வைத்தியம் இருந்தது? மூட்டு சுளுக்கினா அசைக்காதே, கட்டிப் போடு, ரெஸ்ட் எடு. மாசக்கணக்கில். கட்டைப் பிரிக்கும்போது வீக்கம் போயிருக்கும், ஆனா மூட்டு மடங்காது. அந்த ஆள்தான் கட்டு வைத்தியர் வீட்டுக்கு நொண்டிக்கிட்டே போவான். அவர் ஒரு திருகு திருகுவார். 'டொப்'னு சத்தம் கேக்கும். ஆள் நடந்து வருவான். டாக்டருக்கு எப்படி இருந்திருக்கும்?

இதை மூடி மறைக்காமல் சொன்ன முதல் பெரிய மனுஷன் ஜேம்ஸ் பேஜட். சாதாரண ஆள் இல்லை, விக்டோரியா மகாராணிக்கே சர்ஜன். எலும்பு நோய் ஒன்று இன்னைக்கும் அவர் பேரில் இருக்கு. 1867-ல் கட்டு வைத்தியர்கள் குணப்படுத்துற கேஸ்கள் பற்றியே ஒரு உரை செய்து, அது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அதன் சாரம் இது: உங்க எல்லாருக்குமே போட்டியாக ஒரு கட்டு வைத்தியர் இருப்பார், நீங்க கைவிட்ட ஒரே ஒரு ஆளை அவர் சரி பண்ணிட்டா அவர் வாழ்வு மேலே, உங்க பிழைப்பு கீழே. அதனால அவங்க செய்றதில் எது சரி, எது ஆபத்துன்னு கவனிச்சு, சரியானதை எடுத்துக்குங்க. தொழில் போட்டியை முன்னால வச்சுத்தான் பேசினார், ஆனா கவனிக்கச் சொன்னாரே, அது பெரிசு.

கவனிக்க ஒரு ஆள் ஏற்கனவே உள்ளே போயிருந்தார். லண்டனில் ரிச்சர்ட் ஹட்டன் என்று புகழ்பெற்ற கட்டு வைத்தியர். 1865-ல் அவருக்கு உடம்பு முடியாமல் போனப்ப, பீட்டர் ஹூட் என்கிற டாக்டர் காசு வாங்காமல் பார்த்தார். நன்றிக்கடனா "என் தொழிலைச் சொல்லித் தரேன்" என்றார் ஹட்டன். பெரியவருக்கு நேரமில்லை. மகன் வார்ட்டன் ஹூட் போனார். அவரும் டாக்டர். யோசிச்சுப் பாருங்க, படிச்ச டாக்டர், படிக்காத வைத்தியர் வீட்டில் உட்கார்ந்து கை வேலை கத்துக்கிறார். 1871-ல் ஹட்டன் செத்த பிறகுதான் பார்த்ததை எல்லாம் லான்செட்டில் எழுதி, புத்தகமாகவும் போட்டார்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் புத்தகம்தான் இந்தக் கதையின் முதல் டாக்குமென்டேஷன். ஹட்டன் என்ன செய்வார்? விறைத்துப் போன மூட்டுக்கு ஒரு வாரம் ஆளிவிதைப் பத்து போட்டு, மாட்டுக்கால் எண்ணெய் தேய்ச்சு இளக வைப்பார். பிறகு கட்டைவிரலால் மூட்டைச் சுத்தி அமுக்கிக்கிட்டே வந்து, ரொம்ப வலிக்கிற ஒரு புள்ளியைக் கண்டுபிடிப்பார். அந்தப் புள்ளியில் விரலை வச்சபடியே, மூட்டுக்கு மேல் பக்கத்தை அசையாமல் பிடிச்சுக்கிட்டு, கீழ்ப் பக்கத்தைச் சட்டென்று திருகுவார். எந்தத் திசையில்? எந்தத் திசையில் அசைக்க முடியலையோ, அந்தத் திசையில்.

கேட்டா, "எலும்பு விலகியிருந்தது, உள்ள தள்ளினேன்" என்பார். எந்தக் கேஸுக்கும் இதே பதில். ஹட்டன் பொய் சொல்லலை, அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார் என்று ஹூட் எழுதுகிறார். உடற்கூறு தெரிஞ்ச ஹூட்டுக்கு எலும்பு எதுவும் விலகலைன்னு தெரியும். ரொம்ப நாள் அசைக்காமல் வச்சிருந்ததால் மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வுகள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிடும். திருகும்போது அந்த ஒட்டு அறுபடுது, 'டொப்' அந்தச் சத்தம்தான். இது ஹூட் சொன்ன விளக்கம். வைத்தியம் சரி, விளக்கம் தப்பு! கோடு ஓடுது, கமெண்ட் தப்பு. நம்ம புராஜெக்ட்டில் இல்லாததா? :-)

சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை இது. அந்தக் காலத்தில் மூட்டு வீங்கி வலிக்க இன்னொரு பெரிய காரணம் டிபி. சின்னப் பிள்ளைகளின் இடுப்பு மூட்டையும் முழங்காலையும் அரிச்சுத் தின்கிற காசநோய். மருந்து கிடையாது. அந்த மூட்டைப் பிடிச்சுத் திருகினா நோய் பரவி, சீழ் பிடிச்சு, காலே போகலாம், உயிரும் போகலாம். 'எலும்பு விலகியிருக்கு' என்ற ஒரே விளக்கத்தை வச்சிருக்கிறவருக்கு ஒட்டிக்கிட்ட முழங்காலும் டிபி முழங்காலும் ஒண்ணுதான். திருகத் தெரியும், எதைத் திருகக் கூடாதுன்னு தெரியாது. டாக்டருக்கோ வியாதிப் பேர் தெரியும், கையை வைக்கப் பயம். இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கிட்டு நொண்டினவங்க எத்தனை ஆயிரம் பேரோ.

இந்தச் சண்டை ஒரே வீட்டுக்குள் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வந்த கதைக்கு இப்ப வரேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

வேல்ஸ் நாட்டு ஓரத்தில் ஆங்கில்சி என்று ஒரு தீவு. 1740-களில் அங்கே கப்பல் உடைஞ்சு ஒரு பையன் கரை ஒதுங்கினானாம். பேசின பாஷை யாருக்கும் புரியலை. எடுத்து வளர்த்தவங்க இவான் தாமஸ்னு பேர் வச்சாங்க. கோழி, ஆட்டுக்குட்டி எதுக்குக் கால் உடைஞ்சாலும் பையன் கட்டிச் சரி பண்ணிடுவான், அப்புறம் மனுஷங்களுக்கும் கட்ட ஆரம்பிச்சான். குடும்பத்தில் சொல்லி வந்த கதை இது. அவர் மகன், பேரன் எல்லாரும் அதே தொழில். பேரன் பேரும் இவான் தாமஸ்தான். இந்தப் பேரன் லிவர்பூலுக்கு வந்து கடை விரிச்சார். கப்பல்துறை ஊர், தினமும் யாராவது மூட்டை தூக்கும்போது விழுவாங்க, கூட்டத்துக்குக் குறைவில்லை. உள்ளூர் டாக்டர்கள் சும்மா இருப்பாங்களா? திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் வெளியே வந்தார். ஆனா மனுஷன் ஒரு முடிவெடுத்தார்: என் பிள்ளைங்க யாரும் இந்த அவமானம் படக்கூடாது. அஞ்சு பையன்களையும் டாக்டருக்குப் படிக்க வச்சார்.

மூத்தவர் ஹ்யூ ஓவன் தாமஸ். 1834-ல் பிறந்தவர். எடின்பரோவிலும் லண்டனிலும் படிச்சு 1857-ல் தகுதி பெற்று அப்பாகிட்ட வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருஷம் கூட ஒத்துப் போகலை. அப்பா திருகுற மூட்டை எல்லாம் பார்த்த பையனுக்கு, வீங்கிச் சூடாக இருக்கிற மூட்டைத் தொடவே கூடாதுன்னு தோணிப் போச்சு. தனியா வந்து, பிறகு லிவர்பூல் நெல்சன் தெரு 11-ஆம் நம்பர் வீட்டில் கிளினிக் வச்சார். அவர் கொள்கை ரெஸ்ட். விடாத, நீண்ட, கட்டாய ரெஸ்ட். அப்பன் அசைச்சுப் பிழைச்சவர், மகன் அசையாமல் வச்சுப் பேர் வாங்கினவர்.

ஆள் எப்படி இருப்பார் தெரியுமா? ஒல்லி, குள்ளம், கழுத்து வரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு, வாயில் அணையாத சிகரெட். சின்ன வயசில் அடிபட்ட கண்ணை மறைக்கத் தொப்பியைச் சாய்ச்சுப் போட்டுக்குவார். வீட்டிலேயே ஒரு கொல்லரையும் தோல் தைக்கிறவரையும் வச்சுக்கிட்டு ஸ்ப்ளின்ட் செய்வார். ஞாயிற்றுக்கிழமை ஏழைங்களுக்கு இலவசம். இத்தனைக்கும் ஒரு ஆஸ்பத்திரியிலும் அவருக்குப் பதவி கிடைக்கலை. 1891-ல் 56 வயசில் போய்ச் சேர்ந்தப்ப, ஊர்வலத்தில் லிவர்பூல் ஜனம் ஆயிரக்கணக்கில் வந்தது.

1875-ல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் வந்த ஒரு பரிசோதனையை இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் 'தாமஸ் டெஸ்ட்'னு படிக்கிறாங்க. எவ்வளவு எளிமை பாருங்க. இடுப்பு மூட்டில் நோய் வந்தா தொடை மடங்கியே நின்னுடும், நேரா நீட்ட முடியாது. ஆனா நோயாளியைப் படுக்க வச்சா கால் நேரா இருக்கிற மாதிரியே தெரியும். காரணம், அவனுக்கே தெரியாமல் இடுப்புக்குப் பின்னால முதுகை வளைச்சு அந்தக் குறையை மறைக்கிறான். தாமஸ் என்ன செய்தார்? நல்ல காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிச்சார். முதுகு கட்டிலில் ஒட்டிப் போயிடும், மறைக்க இடமில்லை. உடனே நோய் உள்ள தொடை தானாக மேலே எழும்பும். எவ்வளவு எழும்புதோ அவ்வளவு கோணம் குறை. எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சது 1895-ல்தான், இவர் செத்து நாலு வருஷம் கழிச்சு. கட்டு வைத்தியர் பரம்பரையில் வந்த கை, டாக்டர் படிப்பு படிச்ச தலை, ரெண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் வந்த டெஸ்ட் இதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அவர் வீட்டில் 1873-ல் வந்து தங்கினான் 16 வயசுப் பையன் ஒருத்தன், மனைவி வழி மருமகன். பேர் ராபர்ட் ஜோன்ஸ். கொல்லுப்பட்டறை முதல் கிளினிக் வரை எல்லாம் அங்கேயே கத்துக்கிட்டான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் எலும்பு மருத்துவத்துக்கே தலைமை அவர்தான். தொடை எலும்பு உடைஞ்ச சிப்பாய்களில் 100-க்கு 80 பேர் சாகிற நிலை இருந்ததாகச் சொல்வாங்க. தாமஸ் ஸ்ப்ளின்ட்டைக் களத்திலேயே கட்ட ஆரம்பிச்ச பிறகு, 1917 அராஸ் சண்டையில் அது 16-க்குப் பக்கம் வந்தது. மூட்டுக் கதையில் இது கிளைக்கதைதான், ஆனா சொல்லாமல் விட மனசு வரலை.

அதே நெல்சன் தெருவில் ஜோன்ஸுக்கு உதவியாளராக இருந்தவர் டி.பி. மெக்மர்ரே. முழங்காலில் அடிபட்டு யாராவது ஆர்த்தோவிடம் போயிருந்தா, காலை நல்லா மடக்கி, பாதத்தைப் பிடிச்சுத் திருகி, மெல்ல நீட்டிப் பார்த்திருப்பார். உள்ளே 'க்ளிக்'னா குருத்தெலும்பு கிழிஞ்சிருக்கலாம். அது 'மெக்மர்ரே டெஸ்ட்'. ஹட்டனின் திருகலும் இதுவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒண்ணு வைத்தியத்துக்கு, ஒண்ணு கேள்வி கேட்க.

சரி, லிவர்பூல் பக்கம் குடும்பத்துக்குள்ள ராசியாச்சு. லண்டனில்? அங்கே இன்னும் அடிதடிதான். ஹட்டன் குடும்பத் தொழிலைக் கைக்கொண்ட ஜான் அட்கின்சனிடம், அவர் உறவுக்காரர் ஹெர்பர்ட் பார்க்கர் வேலை கத்துக்கிட்டார். பெரிய மனுஷங்க, விளையாட்டுக்காரங்க எல்லாம் அவரிடம் போனாங்க. ஃப்ரெடரிக் ஆக்ஸம் என்கிற டாக்டர் அவர் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து உதவினார். படிக்காதவனுக்கு உதவினது குற்றம்னு 1911-ல் ஆக்ஸம் பேரை மருத்துவப் பதிவேட்டிலிருந்து அடிச்சாங்க. 1922-ல் பார்க்கருக்கு அரசாங்கமே சர் பட்டம் கொடுத்தது! ஆனா ஆக்ஸம் பேர் பதிவேட்டுக்குத் திரும்பலை. பெர்னார்ட் ஷா எல்லாம் எழுதிப் பார்த்தார். 1926-ல் ஆக்ஸம் அப்படியே செத்துப் போனார். வைத்தியம் பார்த்தவனுக்குப் பட்டம், நோயாளிக்கு வலிக்காமல் இருக்க மயக்கம் கொடுத்தவனுக்குத் தண்டனை. என்ன நியாயமோ.

1936-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், கூடியிருந்த எலும்பு சர்ஜன்கள் முன்னால் பார்க்கர் தன் கை வேலையைச் செய்து காட்டினார். அதே ஆஸ்பத்திரியில் அப்போ வேலை பார்த்துக்கிட்டிருந்தவர்தான் நம்ம ஜேம்ஸ் சிரியாக்ஸ். அவர் தாத்தா ஹென்ரிக் கெல்கிரென் ஸ்வீடன்காரர், கையால் வைத்தியம் செய்கிற பள்ளி அது. சிரியாக்ஸுக்கு ஒரே எரிச்சல்: எக்ஸ்ரேயில் ஒண்ணும் தெரியலைன்னா 'வாத வலி'ன்னு எழுதி அனுப்பிடுறாங்களே, வலிக்கிற இடத்துக்கு ஒரு பேர் வேண்டாமா?

அவர் கண்டுபிடிச்ச லாஜிக் நம்ம ஆளுங்களுக்கு உடனே புரியும், பக்கா யூனிட் டெஸ்டிங். மூட்டில் ரெண்டு வகைப் பொருள் இருக்கு. தானே சுருங்கி இழுக்கிறது, அதாவது தசையும் அது எலும்பில் சேருகிற டெண்டனும். சும்மா இருக்கிறது, அதாவது மூட்டைச் சுத்தின உறை, லிகமென்ட். நீங்க கையைத் தொங்க விட்டிருக்க, நான் அசைச்சா இழுபடுறது ரெண்டாவது வகை. மூட்டு அசையாதபடி நான் பிடிச்சுக்க, நீங்க எதிர்த்துத் தள்ளினா வேலை செய்றது முதல் வகை. எந்த டெஸ்ட்டில் வலிக்குதோ, அந்தப் பக்கம் பிழை. தோள் உறையே கெட்டிருந்தா அசைவு ஒரு வரிசையில் குறையும்னு சொன்னார்: கையை வெளிப்பக்கம் திருப்புறது ரொம்பக் குறையும், பக்கவாட்டில் தூக்குறது அடுத்து, உள்ளே திருப்புறது கடைசி. 1947-ல் புத்தகமாகப் போட்டார். டாக்டர்கள் முணுமுணுக்க, பிசியோதெரபிஸ்டுகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். கட்டு வைத்தியர் பரம்பரை ரகசியமா வச்சிருந்த கை வேலை, வகுப்பறையில் யாரும் படிக்கிற பாடமா மாறிச்சு.

சிரியாக்ஸ் சொன்னது எல்லாமே நிக்கலை, அதையும் சொல்லிடணும். அந்த வரிசைக் கணக்கு எல்லா நோயாளியிடமும் அப்படியே வர்றதில்லை. குறுக்குவாட்டில் தேய்க்கிற மசாஜ் பற்றி 2014-ல் காக்ரேன் குழு அலசினப்ப, கிடைச்சதே ரெண்டு சின்ன ஆய்வு, மொத்தம் 57 பேர். பலன் உண்டுன்னு சொல்ல அது போதலைன்னுட்டாங்க. நம்ம ஊர்க் கட்டு வைத்தியத்துக்கு அந்த அளவு கணக்குக் கூட யாராவது எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். இறுக்கிக் கட்டினதால் ரத்தம் ஓடாமல் கை கால் அழுகிப் போன கேஸ்கள் பற்றி டாக்டர்கள் எழுதியிருக்காங்க. கட்டுறவங்க பக்கம் ஒரு ஹூட் போய் உட்கார்ந்து எழுதினதாக நான் படிச்சதில்லை.

ஹட்டனின் திருகலுக்கு ஒரு பெரிய கணக்கு வந்தது 2020-ல். தோள் இறுகி, கை தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகிற நோய்க்கு 'உறைந்த தோள்' என்று 1934-ல் பேர் வச்சவர் அமெரிக்க சர்ஜன் கோட்மன். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு அதிகம் வரும், அதனால நம்ம வீடுகளில் யாராவது ஒரு அத்தையோ பெரியப்பாவோ நிச்சயம் பட்டிருப்பாங்க. பிரிட்டனில் 35 ஆஸ்பத்திரிகளில் 503 நோயாளிகளை மூணாகப் பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு மயக்கம் கொடுத்துத் தோளைத் திருகி விடுறது. இன்னொரு கூட்டத்துக்குத் துளை போட்டு உறையை அறுக்கிற ஆபரேஷன். மூணாவது கூட்டத்துக்கு ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோதெரபி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா எதுவும் எதையும் பெரிசா மிஞ்சலை. பெரிய சிக்கல்கள் ஆபரேஷனில்தான் அதிகம். செலவுக்குத் தகுந்த பலன் எதில்னு கணக்குப் போட்டப்ப முன்னால வந்தது, மயக்கம் கொடுத்துத் திருகி விடுறது. ஆக்ஸமும் பார்க்கரும் சேர்ந்து செய்த அதே வேலை.